தேரும் செக்கும் கொஞ்சம் நட்சத்திரங்களும்

எனக்குச் சொந்த ஊர் திருவாரூர். அதனால் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் தேரடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. இன்றைக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது. முன்னாலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது.

ஆரம்பித்து வைத்தவள் மகள். எட்டாம் வகுப்பு, பிறந்து வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், எழுதச் சொன்னால் பசிக்கிறது என்பாள். பள்ளியில் ஏதோ செயல்திட்டமாம். "அப்பா, கிரவுட்சோர்சிங்னா தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். ஐடி கம்பெனியில் குப்பை கொட்டுகிறவனுக்குத் தெரியாதா என்ன! வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

அந்த ஆங்கில வார்த்தைக்கு வயது ரொம்பக் குறைவு. 2006 ஜூன் மாத 'வயர்ட்' பத்திரிகையில் ஜெஃப் ஹவ் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அது ஊருக்குள் வந்தது. கம்பெனி வேலையைக் கடல் தாண்டி இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்தால் அவுட்சோர்சிங். முகம் தெரியாத பொதுஜனக் கூட்டத்திடம் திறந்துவிட்டு 'முடிந்தவர்கள் முடிந்ததைச் செய்யுங்கள்' என்றால் கிரவுட்சோர்சிங். முதலாவதை வைத்துத்தான் இங்கே மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, நம் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. ஆக, பாதி வார்த்தை எனக்குச் சோறு போடுகிற வார்த்தை. மிச்சப் பாதிதான் பிரச்சினை.

அவளிடம் "ஊர் கூடித் தேர் இழுக்கிறது" என்றேன். "நீங்க எல்லாத்துக்கும் தேர்தான் சொல்வீங்க" என்று போய்விட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஆட்கள் இதைப் பற்றி ரொம்ப நாள் முன்பே யோசித்திருக்கிறார்கள். தேருக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பழமொழி இருக்கிறதே: ஊர் கூடிச் செக்குத் தள்ள முடியுமா? தேர் வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். கை வலித்தால் விட்டுவிட்டு மோர் குடிக்கப் போகலாம், அந்த இடத்தில் இன்னொருவர் வந்து பிடிப்பார். செக்கு அப்படி இல்லை. ஒரு தடி, ஒரு சுற்றுப்பாதை. பத்துப் பேர் சேர்ந்தால் இடித்துக்கொண்டு விழுவோம், எண்ணெய் வராது. எந்த வேலை தேர், எந்த வேலை செக்கு என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, தேரைப் பார்க்காதவர்களுக்குத் தெரியாதது. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிப்பார்கள், சரி. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் யார்? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு ஓடுகிற நாலைந்து பேர். சரியான நொடியில் சரியான கோணத்தில் கட்டையைச் சக்கரத்தின் அடியில் போடவேண்டும். கொஞ்சம் பிசகினால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். ஆழித்தேருக்கு திருச்சி பெல்லில் செய்த ஹைட்ராலிக் பிரேக் வந்தபிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் போகவில்லை. நாம் என்னவோ 'அவன் முட்டுக்கட்டை போடறான்' என்று கெட்ட அர்த்தத்திலேயே சொல்லிப் பழகிவிட்டோம்.

சரி, தேரை இங்கேயே நிறுத்திவிட்டு ஹைதராபாத்துக்கு வருகிறேன்.

பேகம்பேட்டையில் பொருளாதார, சமூக ஆய்வு மையம் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் முகவரியில் 'நிஜாமியா வானாய்வக வளாகம்' என்று இருக்கும். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பல வருடம் கழித்துத்தான், என்னடா இது, பொருளாதாரக்காரர்களுக்கு வானாய்வகம் எதற்கு என்று தேடிப் பார்த்தேன். தேடினால் கிடைத்தது ஒரு பெரிய தேர்.

கதை 1887ல் பாரிஸில் தொடங்குகிறது. பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநர் அட்மிரல் மூஷே, பல நாட்டு வானியலாளர்களைக் கூப்பிட்டு ஒரு மாநாடு போட்டார். புகைப்படக்கலை அப்போதுதான் வானத்தைப் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. அவருடைய யோசனை: மொத்த வானத்தையும் கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்து, ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடத்தையும் அளந்து, ஒரு பட்டியல் போடுவோம். ஒரு ஆய்வகத்தால் ஆகிற காரியமா அது? ஆகவே வானத்தை அட்சரேகை மாதிரிப் பட்டை பட்டையாக வெட்டி உலகத்துக்குப் பங்கு போட்டார்கள். வடக்கு முனைப் பக்கம் கிரீன்விச்சுக்கு, அதற்கடுத்த பட்டை வாடிகனுக்கு, தென்கோடி ஆஸ்திரேலியாவுக்கு என்று பங்கீடு நடந்தது. மொத்தத்தில் சுமார் 20 ஆய்வகங்கள் கை வைத்தன. அமெரிக்க ஆய்வகங்கள் இதில் சேரவில்லை. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

பங்கு வாங்கிக்கொண்ட எல்லோரும் வேலையை முடித்தார்களா? நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கமிட்டியில் இருந்தவர்களுக்கு விடை தெரியும். சிலர் ஆரம்பிக்கவே இல்லை, சிலர் பாதியில் கைகழுவினார்கள். சிலி நாட்டு சாண்டியாகோவுக்குக் கொடுத்திருந்த தெற்கு 17 முதல் 23 பாகை வரையிலான பட்டை அப்படி அநாதையாக நின்றது.

அதே காலத்தில் ஹைதராபாத்தில் நவாப் ஜாஃபர் ஜங் என்ற பிரபுவுக்கு வானியல் பைத்தியம். இங்கிலாந்திலிருந்து 15 அங்குல கிரப் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவந்து 1901ல் பிசல்பண்டாவில் சொந்தச் செலவில் ஆய்வகம் வைத்தார். வானைப் படமெடுக்கும் ஆஸ்ட்ரோகிராஃப் ஒன்றையும் வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு 1908ல் நிஜாம் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. மூசி நதி ஊரையே அடித்துக்கொண்டு போன அதே 1908. பிறகு ஆய்வகம் பேகம்பேட்டைக்கு மாறியது. சாண்டியாகோ விட்ட பட்டையை ஹைதராபாத் எடுத்துக்கொண்டது.

முதல் இயக்குநர் சாட்வுட், அடுத்தவர் போகாக். இருவரும் ஆங்கிலேயர்கள். 1918ல் போகாக் இறந்ததும் பொறுப்புக்கு வந்தவர் டி.பி. பாஸ்கரன், பாஸ்கர சாஸ்திரி என்றும் சொல்வார்கள். முதல் இந்திய இயக்குநர். அந்தப் பெயரை முதன்முதலில் பார்த்தபோது, அமீர்பேட்டையில் திடீரென்று தமிழ்க்குரல் கேட்டால் திரும்பிப் பார்ப்போமே, அந்த மாதிரித் திரும்பிப் பார்த்தேன். 1944 வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு, அந்த மனிதர் இந்த ஒரு வேலையைக் கட்டி இழுத்திருக்கிறார். 1919ல் ஆய்வகம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. தெற்குப் பட்டை முடிந்தபிறகும் ஓயவில்லை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகம் முடிக்காமல் விட்ட வடக்குப் பட்டையில் 36 முதல் 39 பாகை வரையும் எடுத்துச் செய்தார்கள். ஒரு நாட்டுக்காரன் போட்டுவிட்டுப் போன வடத்தைப் பிடித்தது போதாதென்று இன்னொருவன் போட்டதையும்!

வேலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டும் வானத்தில் இரண்டு பாகைக்கு இரண்டு பாகைச் சதுரம். தட்டின் மேல் மெல்லிய கட்டங்கள் பதிந்திருக்கும். பகலில் ஒருவர் உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, இந்தக் கட்டத்தில் இந்தப் புள்ளி, குறுக்கே இவ்வளவு, நெடுக்கே இவ்வளவு என்று அளப்பார். எண்கள் நோட்டில் ஏறும். அடுத்த புள்ளி. அடுத்த தட்டு. இப்படியே ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்கள் ஹைதராபாத்திலிருந்து பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. வாடிகனில் இதே வேலையை 1910க்கும் 1921க்கும் இடையே கன்னியாஸ்திரீகள் நால்வர் செய்தார்கள். அவர்கள் அளந்தது 4,81,215 நட்சத்திரங்கள். பல பத்தாண்டுகள் வெறும் 'சகோதரிகள்' என்றே இருந்தவர்களின் பெயர்களைச் சமீபத்தில்தான், 2016 வாக்கில், பழைய காகிதங்களிலிருந்து தேடி எடுத்து வெளியிட்டார்கள். இயக்குநர்கள் பெயர் தொகுதி முகப்பிலேயே வந்துவிடும். தட்டை அளந்தவர்கள் பெயருக்கு முகப்பில் இடம் இருக்காது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வானியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் திட்டத்தை அவ்வளவாகப் புகழ்வதில்லை. ஐரோப்பிய ஆய்வகங்கள் பல தலைமுறைக்கு இந்த அளவெடுப்பிலேயே மாட்டிக்கொண்டன, சேராமல் தப்பித்த அமெரிக்கர்கள் புதிய வானியற்பியலில் முன்னே போய்விட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பட்டியலோடு சேர்த்து வானப்படங்களும் அச்சிடுவதாகத் திட்டம். அது முழுதாக முடியவே இல்லை. தேர் என்று நினைத்து வடம் பிடித்தவர்கள் செக்கு சுற்றியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் 1989ல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஹிப்பார்கஸ் என்ற செயற்கைக்கோளை விட்டது. 1993 வரை அது நட்சத்திரங்களின் இடத்தை மிக நுட்பமாக அளந்தது. ஒரு நட்சத்திரம் இப்போது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தெரிய வேண்டுமானால், ரொம்ப காலம் முன்னால் எங்கே இருந்தது என்று தெரியவேண்டும். யாரிடம் இருக்கிறது அந்தக் கணக்கு? தூசி படிந்த அந்தத் தொகுதிகளில்! அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் எல்லா ஆய்வகங்களின் அளவுகளையும் கணினியில் ஏற்றிப் புதிதாகக் கணக்கிட்டார்கள். சுமார் 46 லட்சம் நட்சத்திரங்கள். அதையும் செயற்கைக்கோள் அளவையும் இணைத்து 2000ல் வந்ததுதான் டைக்கோ-2 பட்டியல். 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வு அதில் இருக்கிறது. பேகம்பேட்டையில் யாரோ ஒருவர் கண்ணைச் சுருக்கி நோட்டில் எழுதிய எண், ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து வேலைக்கு வந்தது. திட்டத்தில் சேர மறுத்த அமெரிக்கர்களே கடைசியில் வடத்தைப் பிடித்து நிலைக்குக் கொண்டுவந்தது தனி வேடிக்கை :-)

நம் வீட்டுத் தேர் ஒன்றும் இருக்கிறது. இதைப் படிக்கிற பலர் அதில் வடம் பிடித்திருக்கலாம்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2002ல் நான் ஹைதராபாத் வந்தபோது அமீர்பேட்டையில் ஆறு பேர் ஒரு அறை. தமிழில் படிக்க வேண்டுமென்றால் வார இதழுக்காக செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று உட்கார்ந்தால் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இறக்கி நிறுவலாம் என்றால் கடைக்காரர் 'வைரஸ் வஸ்துந்தி சார்' என்று விரட்டுவார். அவர் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போன நேரத்தில் நிறுவி, நான் முதலில் திறந்தது மதுரைத் திட்டத்தின் ஒரு நூல்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். துணைக்கு அமெரிக்காவில் குமார் மல்லிகார்ஜுனன். அதற்கு முன்மாதிரி, மைக்கேல் ஹார்ட் 1971 ஜூலை 4 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து தொடங்கிய குட்டன்பர்க் திட்டம். அவர்களுக்கு ஆங்கில எழுத்தாவது ஒழுங்காக இருந்தது. நமக்கு எழுத்தே தகராறு. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். இணைமதி, மயிலை என்று தொடங்கி, தகுதரம் வந்து, பிறகு யூனிகோடு வந்து, ஒவ்வொரு முறையும் எல்லா நூல்களையும் மாற்றினார்கள். வேலை செய்தவர்கள் யார்? அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் சென்னையிலும் ஆபீஸ் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பத்துப் பாட்டு அடித்தவர்கள். ஒருவர் அடிப்பார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். காசு கிடையாது. பின்னாளில் ஒரு நூலின் பக்கங்களை ஸ்கேன் செய்து ஆளுக்குச் சில பக்கம் என்று பிரித்துக் கொடுத்து மெய்ப்புப் பார்க்கும் முறையும் வந்தது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு நூலின் தலையிலும் தட்டச்சு செய்தவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கும். நூலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெயர்கள்தான். அந்தக் காலத்து ஏட்டுச்சுவடி எழுதினவருக்குக்கூட அதிர்ஷ்டம் இருந்தால்தான் பெயர் மிஞ்சும். கல்யாணசுந்தரம் மாதிரியானவர்கள் முட்டுக்கட்டைக்காரர்கள். வடம் பிடித்தவர்கள் பெயரையும் தேரிலேயே எழுதி வைத்தது அவர்கள் செய்த நல்ல காரியம்.

எல்லாக் கூட்ட வேலையும் இப்படி நடப்பதில்லை. 2007ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஃபான் ஆன் என்பவரும் அவர் குழுவும் ரீகேப்ட்சா கொண்டுவந்தார்கள். 'நீ மனிதன்தானா' என்று சோதிக்க இரண்டு கோணல் வார்த்தைகள் வருமே, அது. ஒரு வார்த்தைக்கு விடை கணினிக்குத் தெரியும். மற்றது பழைய நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலிருந்து கணினியால் படிக்க முடியாமல் போனது. ரயில் டிக்கெட்டோ வேறேதோ எடுக்கிற அவசரத்தில் நாம் அதைப் படித்துக் கொடுத்தோம். தேர் இழுக்கிறோம் என்றே தெரியாமல் இழுத்தோம். 2009ல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு ஒட்டாமை இருக்கிறது.

அதே கார்னெகி மெலனில் இருந்த ராஜ் ரெட்டி, நம் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர், பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்யும் திட்டத்தை முன்னெடுத்தார். இந்தியாவில் அதன் பெரிய மையங்களில் ஒன்று இங்கே கச்சிபௌலி ஐஐஐடி. அது சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த வேலை. தமிழ் தெரியாதவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றியதில் பல தமிழ்ப் புத்தகங்கள் அடையாளமே தெரியாமல் போயின. பக்கம் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அந்தத் தலைப்புகளைச் சரிசெய்வது அசல் தேர் வேலை. ஊருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அமேசானின் மெக்கானிக்கல் டர்க் 2005ல் வந்தது. படத்தில் நாய் இருக்கிறதா சொல், சில சென்ட் வாங்கிக்கொள் என்கிற வகை. இந்தியாவிலிருந்து ஏராளமானோர் செய்தார்கள். கூலி கொடுத்தால் தப்பில்லை. ஆனால் எவ்வளவு கூலி, வேலையை நிராகரித்தால் யாரிடம் கேட்பது என்று வரும்போது 'கூட்டம்' என்ற சொல்லுக்குப் பின்னால் முதலாளி மறைந்துகொள்கிறார். நம் பழைய கதையிலும் இந்தக் கறை உண்டு. ஊர் கூடி என்கிறோம், ஊர் என்றால் யார்? கண்டதேவித் தேரில் யாரெல்லாம் வடம் தொடலாம் என்பது நீதிமன்றம் வரை போய், தேரே பல வருடம் ஓடாமல் நின்று, 2024ல்தான் மறுபடி ஓடியது. திருவாரூர்க்காரன் என்று பெருமை பேசுகிறபோது இதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மா போனபிறகு, 2018ல் அப்பாவை இங்கே அழைத்துவந்தோம். திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு முகவரி பார்த்து அறைக்குள் வீசுகிற வேலை. இங்கே நிஜாம்பேட்டையில் ஒன்பதாவது மாடி, தெலுங்கு தெரியாது, நடைக்குப் போனால் வாட்ச்மேனுக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பகல் முழுக்கப் பேச்சில்லாமல் இருப்பார். நானும் மனைவியும் ஆபீஸ்.

2020 ஊரடங்கில் மோசில்லாவின் காமன் வாய்ஸ் பற்றிச் சொன்னேன். கணினி மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ள ஊரார் குரலை நன்கொடையாகச் சேர்க்கிற திட்டம், 2017ல் தொடங்கியது. திரையில் வாக்கியம் வரும், படிக்கவேண்டும். இன்னொருவர் படித்ததைக் கேட்டுச் சரியா தவறா சொல்லலாம். தமிழும் உண்டு.

"யாருடா இதக் கேக்கப் போறா?" என்றார்.

"யார் வேணா கேக்கலாம்பா. உலகத்துக்கே இலவசம்."

"நம்ம பேச்சு மெஷினுக்கு எதுக்கு?"

"தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சும் அதுக்குப் புரியணும்ல."

மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் பொத்தானை அழுத்துவாள், தாத்தா படிப்பார். ஐந்து வாக்கியம் ஒரு கட்டு. முதல் நாள் ஐந்து. அப்புறம் காலையில் காபி குடித்ததும் "வா கண்ணு, டூட்டிக்கு நேரமாச்சு" என்று அவரே கூப்பிட ஆரம்பித்தார். "இந்த வாக்கியத்துல ஒற்று மிகணும், யாரு எழுதினது இது?" என்று கோபம் வேறு. மற்றவர்கள் குரலைக் கேட்கும் பகுதி இன்னும் பிடித்துப்போனது. "இது மதுரப் பொண்ணு", "இவரு கொழும்பு மாதிரி இருக்காரு" என்று முகவரி பிரிப்பார். அந்த வீட்டில் அவர் குரலை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

2022ல் அப்பா காலமானார்.

கணக்கு எதுவும் தொடங்காமல்தான் படித்தார். ஒலித்துண்டுகள் வெறும் எண்களோடு தொகுப்பில் கிடக்கின்றன. அவருடையவை எவை என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒருநாள் ராத்திரி தமிழ்த் தொகுப்பை முழுக்க இறக்கி, வயதானவர் குரல்களாகத் தேடித்தேடிக் கேட்க ஆரம்பித்தேன். விடியும்வரை கேட்டேன். கிடைக்கவில்லை. ஒரு பாட்டி, யாரென்று தெரியாது, ஒரு வாக்கியத்தின் நடுவில் இருமிவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அதை மட்டும் நாலைந்து தடவை கேட்டேன்.

மகள் போன வாரம் செயல்திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நான் சொன்ன தேரை எழுதவில்லை. பேகம்பேட்டை வானாய்வகம் பாதிப் பக்கம். அதன் கீழே, "என் தாத்தாவும் நானும் 2020ல் தினமும் காலை வாக்கியங்கள் படித்தோம்" என்று ஆங்கிலத்தில் எழுதி, தாத்தா பெயரை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். ஒரு ஒற்றை எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. வைக்கச் சொன்னேன்.